நெருப்பு பட்டா கேட்டு வருவதில்லை

(கோலார் தங்கவயலில் நடந்த நம் சங்க உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூட்டம் தாமதமாகத் தொடங்கியதற்காகச் செயலாளர் வருத்தம் தெரிவித்தார். வருத்தப்பட ஒன்றுமில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் பகலெல்லாம் உழைத்து, திரும்பி வந்து முகம் கழுவிய ஈரம் காயாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை நெடுநேரம் காக்க வைக்க மாட்டேன். ஆனால் கோடை வருமுன் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

இன்று காட்டுத் தீயைப் பற்றியும், அதற்கு அரசு செய்ய வேண்டிய சட்டத்தைப் பற்றியும் பேசப்போகிறேன் என்று சொன்னதும், முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "தங்கவயல்ல காடு எங்கே கீது நைனா?" என்று கேட்டுச் சிரித்தார். நியாயமான கேள்விதான். இங்கே இருந்த மரமெல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வரும் வரைக்கும் எந்திரங்களுக்கு விறகு வேண்டியிருந்தது; அதற்குப் பிறகும் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை வேண்டியிருந்தது. ஆனால் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின் கம்பெனி நிலத்தில் முளைத்திருப்பது என்ன? ஆளுயரப் புல்லும் முள்ளும் உண்ணிச்செடியும். கொஞ்சம் தள்ளிப் போனால் தைலமரத் தோப்புகள். காய்ந்த அதன் இலை எண்ணெயில் தோய்த்த திரி மாதிரி எரியும். காமசமுத்திரம் பக்கம் யானை நடமாடும் காடே இருக்கிறது. காடு நம்மை விட்டுத் தொலைவில் இல்லை.

இரண்டு கோடைக்கு முன் நான் குடியிருக்கும் லைனுக்குப் பின்புறம் பகல் இரண்டு மணிக்குப் புல் பற்றிக்கொண்டது. பீடித்துண்டோ, குப்பைக்கு வைத்த தீயோ, யாருக்கும் தெரியாது. ஆண்களில் பாதிப்பேர் பெங்களூரில். பெண்கள்தான் ஈரச் சாக்கையும் வேப்பங்கொத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வழி குறுகல், வண்டி உள்ளே திரும்பவில்லை. கடைசி வீட்டு அம்மாவின் தகரச் சாய்ப்பு எரிந்துபோயிற்று. அதுதான் அவருக்குச் சமையலறை, அதுதான் ஆட்டுக்கொட்டகை. இரண்டு ஆடு போயிற்று. காலஞ்சென்ற கணவரின் பென்ஷன் காகிதங்களும் போயின.

மறுவாரம் அந்த அம்மாவுடன் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதையாகவே பேசினார்.

"வீடு யார் பேரில் இருக்கிறது?"

"கம்பெனி வீடு சார்."

"எரிந்தது?"

"சாய்ப்பு. நாங்க போட்டது."

"அனுமதி வாங்கிப் போட்டீர்களா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவ்வளவுதான், பேட்டி முடிந்தது.

அந்த அதிகாரி கெட்டவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர் முன்னால் ஒரு விதி இருந்தது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வெளியிட்ட நிவாரண நெறிமுறையில் தொகைகளெல்லாம் எழுதியிருக்கின்றன. பேரிடரில் ஓர் உயிர் போனால் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய். வீடு முழுதும் இடிந்தால் சமவெளியில் 1 இலட்சத்து 20 ஆயிரம், மலைப்பகுதியில் 1 இலட்சத்து 30 ஆயிரம். குடிசைக்கு 8 ஆயிரம். நெருப்பும் அந்தப் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது, புயல், வெள்ளம், வறட்சியோடு சேர்த்து. அதெல்லாம் சரி. கீழே ஒரு குறிப்பு இருக்கிறது பாருங்கள்: சேதமான வீடு, தகுதியுள்ள அதிகாரி சான்று கொடுத்த, அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும்.

தோழர்களே, அந்த ஒரு வரியில் நம்மில் எத்தனை பேர் வெளியே நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். முப்பாட்டன் மூங்கில் தட்டி வீட்டில் இருந்தான்; பாட்டன் கம்பெனி லைன் வீட்டுக்கு வந்தான்; தகப்பன் அதிலேயே ஓய்வு பெற்றான்; நாம் அதிலேயே பிள்ளை பெற்றோம். சுரங்கம் மூடிய நாளிலிருந்து வீட்டை எங்கள் பேருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கும் பிள்ளைகளின் கதியும் இதுதான். 1930-இல் இதே மண்ணில், கைரேகை பதிய மாட்டோம், எங்களைக் குற்றவாளிபோல் காகிதத்தில் ஏற்றாதே என்று மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள் நம் முன்னோர். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள், தயவுசெய்து எங்களைக் காகிதத்தில் ஏற்று என்று வரிசையில் நிற்கிறோம். காலத்தின் கோலம்!

இதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தேனி மாவட்டம் குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள். புல் காய்ந்திருந்தது, காற்று அடித்தது, சரிவில் ஓடத் தெரியாமல் பள்ளத்தில் விழுந்தார்கள். 23 உயிர்கள் போயின. விமானப்படையின் ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால், கைப்பேசி வெளிச்சத்தில் மலையேறிப் போய், வெந்த உடல்களைப் போர்வையில் கட்டித் தோளில் சுமந்து வந்தவர்கள் யார்? குரங்கணி ஊர்க்காரர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும். அவர்களும் நம்மைப் போலக் கூலிக்கு மலையேறிய குடும்பங்கள்தாம்.

தமிழ்நாடு அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் அறிவித்தது. அதுல்ய மிஸ்ரா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை விசாரிக்க நியமித்தது. அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன: அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருகிறவனுக்கு விதி வந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை அந்த மலையிலேயே வாழ்கிறவனுக்கு என்ன வந்தது? தீ வந்தால் எந்தப் பாதையில் இறங்குவது, யார் வந்து சொல்வது, தோட்டத்து லயம் எரிந்தால் யார் கட்டித் தருவது, சுமந்து வந்தவன் வழியில் செத்தால் அவன் பெண்டாட்டிக்கு யார் பொறுப்பு?

சட்டத்தில் தொழிலாளியைப் பற்றிப் பேச்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது! 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம், 79-ஆவது பிரிவு. காட்டில் மேய்ச்சலோ விறகோ ஏதேனும் உரிமை உள்ளவன் தீயைக் கண்டால் தகவல் சொல்ல வேண்டும், அணைக்க உதவ வேண்டும். தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெள்ளைக்காரன் எழுதியது. அவனுக்கு மரம் வேண்டும். மரத்தைக் காக்க ஆள் வேண்டும். ஆள் எரிந்தால் என்ன செய்வது என்று அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. 2017 பிப்ரவரியில் நம் கர்நாடகத்தின் பந்திப்பூரில் தீயை அணைக்கப்போன வனக்காவலர் ஒருவர் தீயிலேயே மாண்டார். 2019 பிப்ரவரியில் அதே பந்திப்பூர் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. கோடைதோறும் தீக்கோடு வெட்டவும் காவல் இருக்கவும் எடுக்கப்படும் ஆட்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். மழை வந்தால் வேலையும் போயிற்று, கணக்கும் போயிற்று.

இறந்தவன் யார் என்பதைப் பொறுத்து உயிரின் விலை மாறும் என்பதற்கும் கண்முன் சாட்சி உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். எல்லாம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 இலட்சம். பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 இலட்சம். ஏன் இந்த வேற்றுமை என்று அப்போதே பலர் கேட்டார்கள். விமானத்தில் வந்தவர்களும் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மைப் போன்ற உழைப்பாளிகள் பலர். அவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். முதலமைச்சர் வாயிலிருந்து வரும் அறிவிப்பாக நிவாரணம் இருக்கும் வரை இப்படித்தான் இருக்கும் என்கிறேன். இரக்கம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். சட்டத்தில் எழுதியிருந்தால் குறைக்க முடியாது.

"சட்டம் எழுதினால் மட்டும் ஆகிவிடுமா?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுமையாகக் கேளுங்கள்.

2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. சுனாமிக்குப் பின் வந்த சட்டம். அதில் 12-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச நிவாரணம் என்ன என்பதைத் தேசிய ஆணையம் வகுத்துப் பரிந்துரைக்க 'வேண்டும்' என்றது: தங்க இடம், உணவு, தண்ணீர், மருத்துவம், விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் தனி ஏற்பாடு, உயிர் போனால் பணம், வீட்டுக்கும் பிழைப்புக்கும் உதவி. அடுத்தது 13-ஆவது பிரிவு. பெரும் பேரிடரில் மாட்டிக்கொண்டவர்களின் கடன் தவணையில் சலுகை தர ஆணையம் பரிந்துரைக்க'லாம்' என்றது. ஒன்று 'வேண்டும்'. மற்றொன்று 'லாம்'. ஓரெழுத்து ஈரெழுத்து வித்தியாசம் என்று நினைக்கிறீர்களா?

கொரோனாவில் இறந்தவர்களுக்கு நிவாரணம் கேட்டு வழக்குப் போட்டபோது, 2021 ஜூன் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 12-ஆவது பிரிவில் உள்ள அந்த 'வேண்டும்' என்ற சொல்லைத்தான் பிடித்தது. இது விருப்பம் அல்ல, கடமை. நீ வகுத்தே ஆகவேண்டும் என்றது. அதன் பிறகுதான் ஓர் உயிருக்கு 50 ஆயிரம் என்று முடிவாயிற்று. தொகை போதாது, ஆனாலும் நம் லைன்களிலேயே அதை வாங்கிய வீடுகள் உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு வினைச்சொல்!

இப்போது 'லாம்' கதையைக் கேளுங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை இரண்டும் நிலச்சரிவில் போயின. மிச்சம் பிழைத்தவர்களின் வங்கிக் கணக்கில் அரசின் உதவித்தொகை விழுந்ததும், அதிலிருந்தே கடன் தவணையைப் பிடித்துக்கொண்ட கொடுமையும் நடந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் திருப்பிக் கொடுத்தார்கள். கடனையே தள்ளுபடி செய்ய வழி உண்டா என்று கேரள உயர் நீதிமன்றம் 13-ஆவது பிரிவைக் காட்டி மத்திய அரசைக் கேட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2025-இல் சட்டத் திருத்தம் வந்தது. அந்த 13-ஆவது பிரிவே நீக்கப்பட்டுவிட்டது. மகளிர் குழுவிலும் வாரத் தவணைக்காரரிடமும் கடன் வாங்கியிருக்கும் தாய்மார்களே, இது யாரோ வயநாட்டுக்காரர் விஷயம் என்று இருந்துவிடாதீர்கள். நாளை நம் தையல் எந்திரம் எரிந்தாலும் தவணை எரியாது.

அதே 2025 திருத்தத்தில் வரவேற்கத்தக்க ஒன்றும் உண்டு. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகரப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம் என்கிறார்கள். பெங்களூருக்குக் கிடைக்கும். நாம்? நமக்கு இருப்பது நகரசபை. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றை வெட்டி, சயனைடு மண்ணைக் குன்று குன்றாகக் கொட்டி, நூறாண்டுக்கு மேல் பொன் எடுத்துக் கொடுத்த ஊர் அந்தப் பட்டியலுக்குள் வராது.

மூடிய கம்பெனியின் நிலம் சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி. ஹவாய் மாநிலத்தில் லஹைனா என்றொரு ஊர். அதுவும் நம் ஊர் மாதிரித்தான்: கரும்பு ஆலைக்காக வெளிநாட்டுக் கூலிகளைக் கொண்டுவந்து வளர்ந்த ஊர். 1999-இல் ஆலையை மூடினார்கள். கரும்பு நின்ற நிலத்தில் கினிப்புல் மண்டியது. வெட்ட ஆளில்லை, பொறுப்பேற்கவும் ஆளில்லை. 2023 ஆகஸ்ட் 8-ஆம் நாள் பெருங்காற்றில் மின்கம்பி அறுந்தது, புல் பிடித்தது, மதியத்துக்கு மேல் ஊரே எரிந்தது. 102 பேர் மாண்டார்கள். உலகத்திலேயே பெரிய அபாயச் சங்கு ஏற்பாடு உள்ள மாநிலம் என்று பெயர். அன்றைக்கு ஒரு சங்குகூட ஊதவில்லை. பிறகு மின்கம்பெனி, நிலக்காரர்கள், அரசு எல்லாரும் சேர்ந்து சுமார் 400 கோடி டாலர் இழப்பீடு தருவதாக 2024-இல் உடன்பட்டார்கள். அங்கே நிலத்துக்காரனையும் கம்பிக்காரனையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. இங்கே அந்த அம்மாவை, சாய்ப்புக்கு அனுமதி உண்டா என்று கேட்கிறோம்!

சங்கு என்றதும் பெரியவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். சங்குச் சத்தத்துக்குச் சோறு கட்டி, சங்குச் சத்தத்துக்கு உறங்கிய ஊர் இது. நேரமல்லாத நேரத்தில் சங்கு கேட்டால் அடுப்பை அப்படியே விட்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடிய தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது வானத்திலிருந்து செயற்கைக்கோள் தீயைப் பார்க்கிறது. 2004 முதல் இந்திய வன அளவை நிறுவனம் அதைப் பார்த்து எச்சரிக்கை அனுப்புகிறது. வனத்துறைக்காரர் கைப்பேசிக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து நம் லைன் வாசலுக்கு எப்படி வரும்? எந்த மொழியில் வரும்? இங்கே வீட்டில் பேசுவது தமிழ், கொஞ்சம் தெலுங்கு. கன்னடம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்; எண்பது வயதுப் பாட்டிக்கு எச்சரிக்கை அவர் மொழியில் வேண்டும். இதைக் கேட்பது மொழிச்சண்டை ஆகாது, உயிர்ப்பிச்சையும் ஆகாது.

பணம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். 2021 முதல் 2026 வரை ஐந்தாண்டுக்கு எல்லா மாநிலங்களின் பேரிடர் நிதிக்கும் சேர்த்து 15-ஆவது நிதிக்குழு கணக்கிட்டது 1,60,153 கோடி ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு, நடந்த பின் கொடுப்பதற்கல்ல, நடக்குமுன் தடுப்பதற்கு. புல் வெட்டுவது, தீக்கோடு போடுவது, வண்டி திரும்ப வழி விடுவது எல்லாம் தடுக்கும் வேலைதானே? அதுவும் நம் ஆட்களுக்குக் கூலி கிடைக்கும் வேலை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். 'அங்கீகாரம் பெற்ற கட்டடம்' என்ற அந்த வரியை எடுத்துவிட்டு, அங்கே குடியிருந்தார் என்பதற்கு ரேஷன் கார்டோ, வாக்காளர் அட்டையோ, கரண்ட் பில்லோ, அக்கம்பக்கத்தார் சாட்சியமோ போதும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். நெறிமுறையில் அல்ல, சட்டத்தில். 'லாம்' என்று அல்ல, 'வேண்டும்' என்று. மூடிய சுரங்கமோ தோட்டமோ யார் கையில் இருந்தாலும், குடியிருப்பை ஒட்டிய நிலத்தில் கோடைக்கு முன் புல் வெட்டித் தீக்கோடு போடுவது நிலத்துக்காரன் கடமை. செய்யாமல் தீ வந்தால் இழப்பு அவன் தலையில். அரசே நிலத்துக்காரன் என்றால் அரசின் தலையில். கடன் தவணைப் பிரிவு திரும்ப வரவேண்டும். இவற்றில் சிலவற்றுக்கு டில்லி போகவேண்டும், சிலவற்றை பெங்களூர் சட்டசபையிலேயே செய்யலாம். மாநிலங்கள் தம் கைப்பணத்தில் கூட்டிக் கொடுத்ததும் உண்டு, காகிதம் இல்லாதவர்களுக்கு இரங்கியதும் உண்டு. அந்த இரக்கத்தை எழுத்தாக்கிக் கொடு என்கிறோம்.

நடக்குமா என்று கேட்டால், உடனே நடக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7-ஆம் நாள் காட்டுத்தீயில் 173 பேர் இறந்த பிறகுதான் விசாரணைக் கமிஷன் வைத்து 67 பரிந்துரைகள் எழுதினார்கள். பணக்கார நாட்டிலேயே பிணம் விழுந்த பின்தான் பேனா திறக்கிறது. நாம் பிணம் விழுமுன் கேட்கிறோம், அவ்வளவுதான்.

அதற்கு முன் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 2005 சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு பேரிடர்த் திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். அந்த ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். கோலார் மாவட்டத் திட்டத்தில் தங்கவயல் லைன்களின் தீ ஆபத்து எழுதியிருக்கிறதா? எந்தெந்த லைனில் வண்டி நுழையாது என்று எழுதியிருக்கிறதா? தண்ணீர் எங்கிருந்து எடுப்பது? அதே 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கன்னடத்தில் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இருவர் எழுதியது. அதைத் தமிழிலும் படித்துக் காட்டுவார்கள், படித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொரு நோட்டும் அங்கே இருக்கிறது. லைன் வாரியாக, வீட்டில் பகலில் தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைகள் பெயரை அதில் எழுதுங்கள். பகல் இரண்டு மணிக்கு யார் யாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ரயிலுக்குப் போகிறவர்கள் இன்றே எழுதிவிட்டுப் போங்கள். மற்றவர்களிடம் நோட்டு வீடு தேடி வரும். நான் சொன்ன அந்தக் கடைசி வீட்டு அம்மாவும் வந்திருக்கிறார். முதல் பெயர் அவருடையது, ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.